மூன்றாவது பிஸ்டன்

ஜூன் மாதம் ஆர்வோ இறந்தபோது அவனுடைய காரின் எஞ்சின் கொட்டகையில் அக்கக்காய்க் கழற்றிக் கிடந்தது. நாலு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. எண்ணெயைக் குடித்தது, மேடு கண்டால் மூச்சு வாங்கியது. வேறு வண்டி வாங்க வசதியில்லை. பழைய வண்டிகளை உடைக்கும் இடத்தில் நல்ல பிஸ்டன்களாக நாலு தேடிப் பிடித்து, வளையங்களும் பேரிங்கும் மட்டும் புதிதாக வாங்கி, மிச்சத்தையெல்லாம் கழுவித் துடைத்துத் தானே கட்டிவிடுவது என்று இறங்கினான். பாதியில், ஒரு காலை, வலை எடுக்க ஏரிக்குப் போனவன் படகிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான்.

அவன் மனைவி ஹில்க்காவுக்குக் கூமோ டவுனில் பள்ளிச் சமையலறை வேலை. வியாழக்கிழமை பட்டாணி சூப் என்றால் பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்த்து இன்னொரு கரண்டி கேட்பார்கள். வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர். பஸ்ஸை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஆகஸ்டில் பள்ளி திறப்பதற்குள் வண்டி ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் வேலையை விட வேண்டும், இல்லை ஏரிக்கரை வீட்டை விற்றுவிட்டு டவுனில் ஓர் அறைக்குப் போக வேண்டும். மகள் இரண்டாவதைத்தான் சொன்னாள். ஹில்க்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற அந்தப் பக்கத்து ஆட்களில் எஸ்கோ மட்டும் வேறு ரகம். அக்கரைக்காரன், ஆர்வோவின் மீன்பிடித் துணை. கேட்காமலே ஸ்பானர் பெட்டியோடு வந்து நின்றான்.

"வெளக்குப் பிடிக்கத் தெரியுமா ஹில்க்கா?"

"முப்பது வருஷமா அதைத்தானே பண்றேன். நீ கையை மட்டும் ஆட்டு, வாயை ஆட்டாதே."

பிஸ்டன்கள் ராடுகளோடு பொருத்தப்பட்டு, செய்தித்தாளில் சுற்றி, பெஞ்சின் மேல் வரிசையாக இருந்தன. ஆர்வோ கடைசியாகச் செய்த வேலை அது. அவன் அதைச் செய்தது சவுனாவில், விறகு எரித்துச் சூடேற்றும் நீராவிக் குளியலறையில். சூடேறினால் பிஸ்டனின் துளை விரியும், பிஸ்டனை ராடோடு இணைக்கும் இரும்புப் பின் கையால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அதனால் சாவதற்கு முந்தின சனிக்கிழமை பிஸ்டன்களை மேல் பலகையில் அடுக்கிவிட்டு, ஃப்ரீசரில் பெர்ரிப் பைகளுக்கு நடுவே வைத்திருந்த பின்களை ஹில்க்கா ஒவ்வொன்றாய் எடுத்துத்தர, இடுப்பில் துண்டோடு உட்கார்ந்து பொருத்தினான்.

முதல் இரண்டு பிஸ்டன்களும் சிலிண்டருக்குள் ஒழுங்காக இறங்கின. மூன்றாவதைப் பிரித்த எஸ்கோ கண்ணைச் சுருக்கினான். பிஸ்டனின் தலையில் ஓர் அம்புக்குறி உண்டு. அது வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும். ராடை ஒரே திசையில்தான் போட முடியும்; அப்படிப் போட்டால் இது பின்பக்கம் பார்த்தது. இப்படியே போட்டால் வால்வு தலையில் இடித்து எஞ்சினே போய்விடும்.

"அடேங்கப்பா, ஆர்வோ தப்புப் பண்ணிட்டான்! நான் ஒருவாட்டி டயரைத் திருப்பிப் போட்டதுக்கு இருபது வருஷம் சிரிச்சவன்..." என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனான். "பாவம், உடம்புக்கு அப்பவே முடியல போல."

"அவனுக்கு ஒண்ணும் இல்ல. ஆவியில மங்குதுன்னு கண்ணாடியைக் கழட்டிட்டான். அம்பு சரியாப் பார்க்குதான்னு என்னைக் கேட்டான். நானும் கண்ணாடி போடல. பார்க்காமலே சரின்னேன். தப்பு என்னோடது."

எஸ்கோ பிஸ்டனை மறுபடி செய்தித்தாளில் சுற்றினான். "சரி விடு. ஓவன்ல கொஞ்ச நேரம் வெச்சாப் போதும், கழண்டுரும்."

"ஓவன்ல நான் ரொட்டி சுடுறேன்."

அடக்கம் முடிந்த நாளிலிருந்து அவள் சவுனாவுக்குத் தீ மூட்டவில்லை. சனிக்கிழமைதோறும் அந்தப் புகைபோக்கி சும்மா நிற்பது அக்கரைவரை தெரியும்; யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அன்று அவளே விறகு பிளந்தாள். ஆர்வோ அடுக்கிவைத்துவிட்டுப் போன பிர்ச் விறகு.

உள்ளே அவன் உட்காரும் மூலையை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். பிஸ்டனை மடியில் துணிமேல் வைத்துக்கொண்டு, பூட்டு வளையத்தைக் கழற்றி, பின்னைத் தள்ளினாள். வந்துவிட்டது. அது வந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவன் கை கடைசியாக இறுக்கிய ஒன்றை அவிழ்க்கிறோமே என்று அழுதாள், சத்தம் போட்டே அழுதாள். கேட்க யாருமில்லை. பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டினாள். ஆவி படிந்தது, துடைத்தாள்; மறுபடி படிந்தது, மறுபடி துடைத்தாள். அம்புக்குறி தெளிவாகத் தெரிந்த பிறகே பிஸ்டனைத் திருப்பிப் பின்னை உள்ளே விட்டாள்.

முதல்முறை எஞ்சின் இருமியது. இரண்டாம் முறை பிடித்துக்கொண்டது. எஸ்கோ பானெட்டில் கையை வைத்து ரொம்ப நேரம் கேட்டான்.

"ஒரு தட்டல் சத்தம்கூட இல்ல. ஆர்வோ கட்டினதுன்னா சும்மாவா!" என்றான். பிறகு, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "சவுனாவுல பொக வந்துச்சு. பார்த்தேன். நல்லாருந்துச்சு," என்றான்.

பள்ளி திறந்த அன்று விடிகாலையில் தனியாகவே கிளம்பினாள். கூமோவுக்குள் நுழையும் முன் ஒரு மேடு, மேட்டோரம் ஆர்வோவை அடக்கிய கல்லறைத் தோட்டம். முன்பெல்லாம் வண்டி அங்கேதான் திணறும். இன்று திணறவில்லை. கஞ்சி வைக்க நேரமாகிவிடும் என்பதால் நிறுத்தவில்லை. ஜன்னல் கண்ணாடியை மட்டும் முழுக்க இறக்கினாள், அவன் காதில் விழட்டும் என்று.

"மூணு உன்னோடது. ஒண்ணு என்னோடது," என்று சொல்லிக்கொண்டே மேடேறினாள்.