நாட்டார் மெட்டு என்று நான் எழுதியது

நான் ஒரு பெண்ணிடம் அவருடைய தகப்பனாரைப் பற்றிப் பொய் சொன்னேன். தெரியாமல் சொன்னதல்ல. தேடிப் பார்த்தேன் என்றேன், தேடவில்லை. பழைய புத்தகம் ஒன்றில் இருக்கிறது என்றேன். அப்படி ஒரு புத்தகம் இல்லை. அப்போது எனக்கு எழுபத்தாறு வயது. வேலை செய்த காலம் முழுவதும் நூலகங்களில் இருந்தவன். எந்த நூலை யார் எழுதினார் என்று சரிபார்த்துப் பதிவு செய்வதுதான் என் தொழில். அவர் என் சொல்லை நம்பியது அதனால்தான்.

ஹோம்புஷில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் எங்கள் வீடு ஐந்தாம் மாடி. அவர் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். ஜப்பானியப் பெண், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். அவுஸ்திரேலியர் ஒருவரை மணந்து இங்கே வந்தவர். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் மெல்பேர்னில். என் மனைவிக்கும் அவருக்கும் லிஃப்டில் தொடங்கிய சிநேகிதம் காலை நடையாக வளர்ந்தது. இருவருடைய ஆங்கிலமும் இரண்டு வகை. எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்கு விளங்கியதில்லை. ஆனால் திரும்பி வரும்போது அவருடைய முழங்கால் வலி முதல் மகளின் விவாகரத்து வரை என் மனைவிக்குத் தெரிந்திருக்கும்.

வியாழக்கிழமை காலைகளில் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள மண்டபத்தில் முதியோருக்கான பாட்டுக் குழு கூடும். நாங்கள் மூவரும் போவோம். கொரியர், லெபனானியர், சீனர், இரண்டு நாட்டுத் தமிழர் என்று முப்பது பேர் இருந்தோம். பாட்டுச் சொல்லித் தந்தவர் ஓய்வுபெற்ற வெள்ளைக்கார ஆசிரியை. ஒவ்வொரு நாட்டாரின் பாட்டையும் எல்லோரும் பாடவேண்டும் என்பது அவர் வைத்த விதி. ஒரு லெபனானியப் பெரியவர் எங்கள் தாலாட்டைப் பாடும்போது ஒரு சொல்கூடச் சரியாக வராது. கண் மட்டும் கலங்கும்.

அந்த வருடக் கச்சேரிக்கு ஏழு நாட்டார் பாடல்களைத் தெரிந்தெடுத்தோம். நிகழ்ச்சிக் கையேட்டை எழுதும் வேலை, நூலகராக இருந்தவன் என்பதால், என்னிடம் வந்தது. ஒரு முன்னுரையும் எழுதினேன். அதில் இரண்டு வரிகள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. ‘இந்த ஏழு பாட்டுகளையும் யாரும் இயற்றவில்லை. ஆகையால் இவற்றை யாரும் எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.’ ஊரையும் வீட்டையும் விட்டு வந்த முப்பது கிழவர்கள் பாடப்போகும் மேடைக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் இல்லை என்று நினைத்தேன். ஆசிரியை வாசித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கச்சேரியில் நகரசபை உறுப்பினர் அதை வாசித்துத் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு.

ஏழில் நான்காவது ஜப்பானியப் பாட்டு. ஆற்றில் மிதந்துபோன தன் செருப்பைக் கரையோரமாகத் தேடிப் போகும் ஒரு குழந்தையின் பாட்டு. மெட்டு மிக எளிது, ஐந்து சுரங்கள்தான். ஒருமுறை கேட்டால் குசினியில் கறி கிளறும்போதும் வாயில் வரும். ஆசிரியையின் பாட்டுப் புத்தகத்தில் அதற்குக் கீழே ‘ஜப்பானிய நாட்டார் மெட்டு’ என்றிருந்தது. நானும் அப்படியே எழுதினேன்.

கையேடு அச்சுக்குப் போவதற்கு இரண்டு வாரத்துக்கு முன் அந்த ஜப்பானியப் பெண் மண்டபத்தில் என் கதிரைக்கு அருகே வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை. நாங்கள் பேசியது ஆங்கிலத்தில்.

“ஒரு சின்னத் திருத்தம். சிரமம் என்றால் வேண்டாம்.”

“சொல்லுங்கள்.”

“இந்தப் பாட்டை இயற்றியது என் அப்பா.”

உறைக்குள் ஒரு தாளின் போட்டோ கொப்பி. கையால் எழுதிய இசைக்குறிப்பு, கீழே ஜப்பானிய எழுத்தில் ஒரு பெயர். மெல்லிய குரலில் அவர் விளக்கினார். தகப்பனார் ஒரு சிறிய ஊரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். வகுப்புப் பிள்ளைகளுக்காக அந்தப் பாட்டை எழுதினார். பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர்களுக்குப் போனார்கள், பாட்டும் போனது. இவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது தகப்பனார் இறந்துவிட்டார். அந்த நாட்டில் சில ஊர்களில், பிள்ளைகள் வீடு திரும்பவேண்டும் என்பதற்காக, மாலை ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் ஒரு மெட்டை ஒலிக்கவிடுவார்களாம். இவருடைய ஊரில் பிற்பாடு இந்த மெட்டுத்தான் ஒலித்தது. “தினமும் அம்மா ஜன்னலைத் திறந்து, அப்பா கூப்பிடுகிறார் என்று சொல்லுவார்” என்றார். ஊரில் வேறு யாரும் நம்பவில்லை. எல்லோருக்கும் அது எப்போதும் இருந்துவரும் பாட்டு.

“நீங்கள் நூலகர். உங்களுக்குத் தேடத் தெரியும். சரியாக இருந்தால் மட்டும் பெயரைப் போடுங்கள்.”

பார்க்கிறேன் என்று உறையை வாங்கிப் பைக்குள் வைத்தேன். ஒரு வாரம் அது பைக்குள்ளேயே கிடந்தது. ஒரு மின்னஞ்சல்கூட நான் எழுதவில்லை. தேடினால் அவர் சொல்வது உண்மையாகிவிடுமோ என்று பயந்தேன். உண்மையானால் என் இரண்டு வரிகள் போய்விடும். ஏழில் ஒன்றுக்கு ஆள் இருக்கிறார் என்றால் அந்த முன்னுரையே நிற்காது. வேறு எந்தக் காரணமும் இருக்கவில்லை. இருந்திருந்தால் இங்கே எழுதியிருப்பேன்.

அடுத்த வியாழன் தேநீர் இடைவேளையில் அவரிடம் போய்ச் சொன்னேன்.

“தேடினேன். உங்கள் அப்பாவின் காலத்துக்கு முன்பே இந்த மெட்டு இருந்திருக்கிறது. ஒரு பழைய தொகுப்பில் அச்சாகியிருக்கிறது.”

“நிச்சயமாகவா?”

“நிச்சயம்.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “அப்படியென்றால் அப்பா அதைப் பார்த்து எழுதினாரா?”

“எங்கேயாவது கேட்டு எழுதி வைத்திருப்பார். பலரும் செய்வதுதான்.”

“கீழே தன் பெயரைப் போட்டிருக்கிறாரே.”

நான் என் தேநீரில் இன்னொரு கரண்டி சீனி போட்டேன். அவர் தலை குனிந்து, சிரமம் தந்ததற்கு மன்னிக்கவேண்டும் என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

கச்சேரி நன்றாக நடந்தது. நகரசபை உறுப்பினர் என் முன்னுரையை வாசித்தபோது சபை கைதட்டியது. நான்காவது பாட்டை அந்த ஜப்பானியப் பெண்ணும் எங்களோடு நின்று பாடினார். அடுத்த மாதத்திலிருந்து வியாழக்கிழமைகளில் வருவது குறைந்தது. முழங்கால் வலி என்றார்கள். நானும் அதையே நம்ப விரும்பினேன்.

ஒருநாள் என் மனைவி கீழே போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள்.

“இஞ்சாருங்கோ, அவவின்ரை வீட்டிலை தகப்பன்ரை படம் இல்லை.”

“எந்தப் படம்?”

“அலுமாரிக்கு மேலை இருக்குமெல்லே. விடிய எழும்பினால் முதல் தேத்தண்ணி அந்தப் படத்துக்குத்தான் வைப்பா. எடுத்துப்போட்டா. கேட்டதுக்கு, தகப்பன் ஆரோ ஒராளின்ரை பாட்டைத் தன்ரை எண்டு எழுதி வைச்சவராம், தாயும் அதை மறைச்சுத் தனக்குக் கதை சொல்லி வளத்தவவாம். நீங்கள் கண்டுபிடிச்சுச் சொன்னதாம்.”

நான் பத்திரிகையை மடித்தேன்.

“உண்மையாய்த் தேடிப் பாத்தனீங்களோ?”

“ஓம்.”

“எங்கை?”

“நீர் ஏன் இப்ப குறுக்கு விசாரணை செய்யிறீர்?”

“நாப்பத்தெட்டு வரியமாய் உங்களோடை இருக்கிறன். எதையெண்டாலும் தேடிக் கண்டுபிடிச்சால் ஒரு கிழமைக்கு அதைப்பற்றியே அலட்டுவியள். இதைப்பற்றி என்னட்டை ஒரு சொல்லும் சொல்லேல்லை. அதுதான் கேட்டனான்.”

அன்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒன்றரை வருடம் போனது. அவரை லிஃப்டில் சந்திக்கும்போதெல்லாம் அவர் தலை குனிவார், நான் மாடி எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு ஆசிரியை எனக்கு ஒரு மின்னஞ்சலை அனுப்பிவைத்தார். ஜப்பானில் பள்ளிப் பாடல்களைத் திரட்டும் ஒருவர் எழுதியது. இணையத்தில் எங்கள் கையேட்டைப் பார்த்திருக்கிறார். செருப்புப் பாட்டு நாட்டார் மெட்டு அல்ல, ஒரு சிற்றூர்ப் பள்ளியின் பழைய சஞ்சிகையில் அதை ஆசிரியர் ஒருவர் இயற்றியதாகக் குறிப்பு இருக்கிறது, அவருடைய குடும்பம் எங்கே என்று தெரியவில்லை, கையெழுத்துப் பிரதி எங்காவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தார். ஆசிரியரின் பெயரும் ஜப்பானிய எழுத்தில் இருந்தது. என் கோப்பிலிருந்து அந்தப் போட்டோ கொப்பியை எடுத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். எனக்கு அந்த மொழி தெரியாது, ஆனால் இரண்டு வடிவங்கள் ஒன்றா என்று பார்ப்பது என் தொழில். ஒன்றுதான்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கழுவி வைத்தாள். எனக்கு எங்கேயாவது போகவேண்டும்போல் இருந்தது. “ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டு வந்து, அதுக்குப் பிறகு அவவைப் பாப்பம்” என்றேன்.

“ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கு ஒரு மணித்தியாலம் கார் ஓடவேணும். அவவின்ரை வீடு ரெண்டு மாடி கீழை. முதல் கிட்ட இருக்கிறதுக்குப் போங்கோ.”

“நீரும் வாருமன்.”

“நான் வரமாட்டன். நீங்கள் தனியச் சொன்ன பொய்தானே.”

படிகளில் இறங்கிப் போனேன். அவர் கதவைத் திறந்து, கதிரை காட்டி, தேநீர் வைக்கப் போனார். வேண்டாம், முதலில் கேளுங்கள் என்றேன். மின்னஞ்சலை வாசித்துக் காட்டினேன். அவர் முகத்தில் மகிழ்ச்சி வரும் என்று எதிர்பார்த்திருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வரவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்.

“நீங்கள் பார்த்த புத்தகம்?”

“புத்தகம் இல்லை. நான் தேடவே இல்லை.”

“ஏன்?”

முன்னுரையைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. மீண்டும் சொன்னேன்.

“எத்தனை வரி?”

“இரண்டு.”

பக்கத்து வீட்டில் யாரோ துணி உலர்த்தும் மெஷினைப் போட்டார்கள். அந்தச் சத்தம் சுவர் வழியே கேட்டது.

மூலத் தாளைப் பற்றிக் கேட்டேன். போன வருடம் சாமான்களைக் குறைத்தபோது பழைய பத்திரிகைகளோடு கீழே மறுசுழற்சிக்கான மஞ்சள் மூடித் தொட்டியில் போட்டுவிட்டதாகச் சொன்னார். நான் கொப்பியை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். திருப்பினார். வெறும் வெள்ளை.

“நான் ஒரு பக்கத்தைத்தான் கொப்பி எடுத்தேன். பின்பக்கத்தில் அப்பா எனக்கு எழுதியிருந்தார்.”

என்ன எழுதியிருந்தார் என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. கேட்கவில்லை.

எழுந்து வரும்போது சொன்னார், “நீங்கள் என்னைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தால் பரவாயில்லை.”

அதன் பிறகு என்னால் முடிந்ததைச் செய்தேன். ஜப்பானிலிருந்து மின்னஞ்சல் எழுதியவருக்கு நடந்தது அனைத்தையும், என் பொய் உட்பட, எழுதினேன். அவருடைய சம்மதத்தோடு கொப்பியின் படத்தையும் அனுப்பினேன். இப்போது அந்தப் பாட்டு அவர்களுடைய தொகுப்பில் ஆசிரியரின் பெயரோடு இருக்கிறது. மண்டபத்தில் மிஞ்சியிருந்த கையேடுகளில், பெயர் அச்சிட்ட துண்டுக் கடதாசியை நானே ஒட்டினேன். என் இரண்டு வரிகளை மை கொண்டு அடித்தேன். ஒரு வியாழக்கிழமை எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். சென்னையிலிருந்து வந்த ஒரு பொறியாளர், நல்ல மனிதர், என்னைத் தேற்றுவதாக நினைத்து, “விடுங்க சார், ஒரு பேரு விட்டுப்போச்சு, அவ்வளவுதானே. இதுக்குப் போய் இவ்வளவு ஃபீல் பண்றீங்களே” என்றார். நான் சொன்னது அவருக்குப் போய்ச் சேரவில்லை. வழக்கமாக என் பக்கத்தில் இருக்கும் லெபனானியப் பெரியவர் மட்டும் அன்று அந்தக் கதிரையில் உட்காரவில்லை.

இரண்டு மாதத்தில் அவர் மூன்றாம் மாடி வீட்டைக் காலி செய்துகொண்டு மகளிடம் மெல்பேர்னுக்குப் போய்விட்டார். முழங்கால் வலியோடு தனியாக இருக்க முடியவில்லை, முன்பே தீர்மானித்ததுதான் என்று என் மனைவியிடம் சொன்னாராம். திருத்திய கையேட்டையும் ஜப்பானியத் தொகுப்பையும் ஒரு கடிதத்தோடு அனுப்பினேன். மகளிடமிருந்து ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி வந்தது. அம்மாவுக்குக் கிடைத்தது, நன்றி, அவர் பதில் எழுத விரும்பவில்லை.

தகப்பனாரின் படத்தை மறுபடி வெளியே எடுத்து வைத்துவிட்டாரா என்று அறிய ஆசைப்பட்டேன். பல நாள் தயங்கி என் மனைவியிடம் கேட்டேன்.

“இல்லை” என்றாள். “பெட்டிக்குள்ளைதான் கிடக்காம். தகப்பன்ரை முகத்தைப் பாக்க வெக்கமாய்க் கிடக்காம் அவவுக்கு. அந்த மனுசனைக் கள்ளன் எண்டு ஒண்டரை வரியம் நினைச்சிட்டன் எண்டு அழுதா.”

“நான்தானே காரணம் எண்டு சொல்லும்.”

“சொன்னனான். அது அவவுக்குத் தெரியும்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் தொலைபேசியில் பேசுகிறார்கள். மெல்பேர்னிலிருந்து அழைப்பு வந்ததும் என் மனைவி போனை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திவிடுவாள். நான் உள்ளே இருந்து அவள் தலையாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.