காட்டுக்குப் பச்சை பூசினேன்

திருமணிமுத்தாறு சேலத்துக்குள் நுழையும் இடத்தில் அதை ஆறு என்று சொல்ல அந்நாளிலேயே பலருக்கும் தயக்கமிருந்தது. ஆனால் அதற்குத் தண்ணீர் தரும் ஓடைகள் சேர்வராயன் மலைச்சரிவில் தெளிந்தே பிறக்கின்றன. மலையிலிருந்து நகரம் வரை, ஓடைக்கரைகளிலும் ஊற்றுகளைச் சுற்றியும் எந்தெந்த நிலத்தில் கட்டடம் எழுப்பாமல் திறந்தவெளியாக விட்டுவைப்பது என்று தீர்மானிக்க எண்பதுகளின் நடுவில் ஒரு குழு அமைத்தார்கள். அதிகாரிகள் மட்டும் கூடி முடிவெடுக்காமல், மலையில் வாழ்பவர்களும் உடன் அமர்ந்து ஒப்புதல் தர வேண்டும் என்பது அதன் விதி. வரைபடம் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் சென்னையில் புவியியல் கற்பித்துக்கொண்டிருந்தவன். காவிரிப் படுகையில், வயல்களுக்கு நடுவே பிறந்தவன். பிறந்த இடத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

ஏற்காட்டில் ஒரு வாடகை வீட்டில் மனைவியுடன் ஓராண்டுக்கு மேல் தங்கினேன். அவள் சேலம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். சென்னைப் பேச்சுக்குப் பழகியிருந்தவள், மலையேறிய ஒரே வாரத்தில் ‘வீடு’ என்பதை விட்டு ‘ஊடு’ என்பதற்குத் திரும்பிவிட்டாள். நான் அதைக் கவனித்தேன், ரசித்தேன். அதற்கு மேல் அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு துண்டு நிலத்திலும் அங்கிருப்பவரிடம் “இது என்ன?” என்று கேட்டு, அவர் சொன்ன வகைக்கேற்ப வரைபடத்தில் வண்ணம் பூசுவது என் முறை. கடைவீதிக்கு மஞ்சள், தோட்டத்துக்குப் பழுப்பு, காட்டுக்குப் பச்சை. பச்சை பூசிய இடத்தில் உழவும் கூடாது, குடியிருப்பும் கூடாது.

கிளியூருக்குப் போகும் வழியில், ஓடைக்கு மேலே மேட்டில் ஓர் அம்மாளின் வீடு இருந்தது. எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிப்பவர். கணவரை இழந்து, இரண்டு பெண்களை மிஷன் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். வீட்டைச் சுற்றியிருந்த நிலத்தைக் காட்டிக் கேட்டேன். “காடுங்க,” என்றார். நான் போனது அறுவடை முடிந்து வெகுநாள் கழித்து. புதர் மண்டிக் கிடந்தது, ஓரங்களில் மரங்கள் நின்றன. சந்தேகிக்க எனக்கு எதுவும் தோன்றவில்லை. பச்சை பூசினேன்.

வரைபடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு, மாதா கோயிலை ஒட்டிய கூடத்தில் மாட்டினோம். பஸ் நிலையத்தருகே மளிகைக் கடை வைத்திருந்த பாய் குழுவில் ஒருவர். அவர்தான் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டினார்.

“சார், என்ர கடைய எதுக்கு மஞ்சளாக்கி வெச்சிருக்கறீங்க? காமாலை கீமாலை வந்திருச்சுங்களா?” என்றார் முதலில். கூடம் சிரித்தது.

அந்த அம்மாள் முன்னே வந்தார். “எங்கூடு எங்கீங்க பாய்?”

“இதா. காட்டுக்கு நடுவுலன்னு போட்டிருக்குது.”

“செரியாத்தானுங்களே போட்டிருக்கறாரு. இந்தக் காட்ட ஒரு காயிதத்துல ஏத்தறதுக்கு எங்கூட்டுக்காரரு நடையா நடந்தாரு. நொம்ப சந்தோசமுங்க சார்.”

ஒப்புதல் தாளில் தம் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். பச்சைக்குரிய விதிகள் பின்னிணைப்பில் இருந்தன. நீளம் கருதி அவற்றைக் கூட்டத்தில் படிக்கவில்லை. அந்த முடிவு என்னுடையது.

வீடு திரும்பியபோது மனைவி மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குத் திரி மாற்றிக்கொண்டிருந்தாள். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், வீட்டோடு நிலத்தையும் விடப்போகிற அந்த அம்மாள்கூட மகிழ்ச்சியாகவே ஒப்புக்கொண்டார் என்று சொன்னேன்.

“ஏனுங்க, அவங்க என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க.”

சொன்னேன்.

“காடுன்னா நீங்க என்னன்னு எழுதுனீங்க?”

“காடு என்றால் காடுதான். மரம், செடி, புதர்.”

அவள் திரியைக் கீழே வைத்தாள். “எங்கப்பா தெனமும் காலைல காட்டுக்குத்தான் போவாரு. புலி பாக்கவா போனாரு? கடலக்கா வெதைக்கப் போனாரு.”

மழையை நம்பி உழுகிற மேட்டு நிலத்துக்கு அந்தப் பக்கத்தில் காடு என்று பெயர். ஆற்றுப் பாசன வயல்களில் வளர்ந்த எனக்கு, இத்தனை ஆண்டுகள் அவளுடன் வாழ்ந்தும் அது தெரியாது. அந்த அம்மாள் ஒப்புக்கொண்டது தம் உழவு நிலத்தை அரசாங்கத் தாள் அங்கீகரிக்கிறது என்று நம்பி. நான் பெற்றுக்கொண்டது அந்த நிலத்தையும் வீட்டையும் அவர் விட்டுக்கொடுப்பதற்கான சம்மதம். தாள்கள் அடுத்த வாரம் சென்னைக்குப் போக வேண்டும். வண்ணத்தை மட்டும் மாற்றிவிடுகிறேன் என்றேன்.

“சத்தமில்லாம மாத்துனா? கையெழுத்துப் போட்டவங்களுக்குத் தெரிய வேண்டாங்களா?” என்றாள். “காலைல நானும் வர்றேன்.”

மறுநாள் அந்த அம்மாளின் வாசலில் நின்று நடந்ததைச் சொன்னேன்.

“அப்ப நானே என்ர ஊட்ட எழுதிக் குடுத்துட்டனுங்களா?”

“இன்னும் இல்லை. அதற்காகத்தான் வந்தோம்.”

“போன தைல இங்க உக்காந்து களி தின்னீங்களே சார். அந்த ராகி எங்க வெளஞ்சுதுன்னு நெனைச்சீங்க?”

மனைவி சிரித்துவிட்டாள். அவளைப் பார்த்து அந்த அம்மாளுக்கும் சிரிப்பு வந்தது. “உங்களுக்கு எந்தூருங்க அம்மிணி?” என்று அவளைக் கேட்டார். பிறகு அவர்கள் இருவரும் முன்னே நடக்க, நான் பின்னே போனேன்.

காட்டின் கீழ்க்கோடியில் ஓரிடத்தில் கோடையிலும் புல் பசுமையாக இருந்தது. கால் வைத்தால் நீர் கசிந்தது. “இங்க மட்டும் ஏர் வெக்க மாட்டமுங்க. வெச்சா ஓடைக்குத் தண்ணி எறங்காது,” என்றார். என் வரைபடத்தில் அந்த இடம் வெறும் வெள்ளை. அங்கே யாரும் நிற்கவில்லை, ஆகவே நான் யாரையும் கேட்கவில்லை. தங்கும் விடுதி கட்ட எவரேனும் கேட்டிருந்தால் எங்கள் திட்டம் தடுத்திருக்காது. ஆற்றுக்காக விட்டுவைக்க வேண்டிய நிலத்தைத் திறந்துவிட்டு, ஒரு குடும்பம் உண்ணும் நிலத்தை மூடியிருந்தேன்.

தாள்களைச் சென்னைக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்து, பின்வந்த வாரங்களில் கரடியூர் வரைக்கும் நடந்தோம். “இது என்ன?” என்பதை விட்டோம். உழறீங்களா, மேய்க்கறீங்களா, தண்ணி நிக்குதுங்களா என்று அவள் கேட்டாள்; நான் வரைந்தேன். பல பச்சைகள் போயின. வெள்ளையாக விட்ட பல இடங்கள் ஊற்று நிலத்துக்குரிய நீலமாயின.

அவள் இறந்து, இப்போது இது இரண்டாவது மழைக்காலம். அந்தக் கேள்விகளும் விடைகளும் அவள் கையெழுத்தில் உள்ள நோட்டு என்னிடம் இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை. அந்த வரைபடத்துக்காக என் துறையில் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். அது அவளுக்குரியது என்று மறுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அவள் இருந்தபோதே, அச்சில். நகரத்துக்குள் ஆறு தெளியவில்லை. கீழே நாங்கள் குறித்த இடங்களில் சில வீடுகளாகிவிட்டன. மலையில் அந்த ஈரநிலம் தப்பியது. அந்த அம்மாளும் அவளும் எனக்களித்தது அது. அதற்கு ஈடாக என்னால் எதுவும் தர இயலவில்லை என்பதை நன்றியோடுதான் சொல்கிறேன்.

அன்று அந்த நடை முடிந்ததும், திருத்திய வரைபடத்தோடு மீண்டும் கூடத்தில் கூடினோம். என் பிழையை எழுந்து நின்று சொன்னேன். விதிகளைப் படிக்கத் தொடங்கியபோது அந்த அம்மாள் கை உயர்த்தினார்.

“அம்மிணி படிக்கட்டுங்க. சார் படிச்சாக் கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. ஆனா ஊடு போயிருதே.”

என் மனைவி எழுந்து, பின்னிணைப்பு முழுவதையும் தன் ஊர்ப் பேச்சில் படித்தாள். ஒவ்வொரு விதிக்குப் பிறகும் நிறுத்தி, “புரியுதுங்களா?” என்றாள். புரியவில்லை என்று இரண்டு இடங்களில் பாய் சொன்னார். இரண்டையும் அங்கேயே மாற்றி எழுதினோம். பிற்பகலாகிவிட்டது. அந்த அம்மாள் பழைய தாளைக் கேட்டு வாங்கி, தம் பெயரைக் குறுக்கே அடித்தார். புதிய தாளில் எழுதுமுன் வரைபடத்தில் தம் நிலத்தின் மேல் விரலை வைத்தார்.

“இங்க உழலாமுங்களா?”

“உழலாமுங்க,” என்றாள் அவள்.

கையெழுத்திட்டார். முதல் மழைக்கு அங்கே ராகி விதைத்தார்கள்.