மிஷின் புத்தகம் சொல்லிக்கொடுத்த செக் பாஷை

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம். என் மச்சான் தனராஜ் சேலையூரில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, "அத்தான், மானம் போச்சு" என்றான்.

என்னவோ ஏதோ என்று என் மனைவி ரோஸி கரண்டியும் கையுமாக அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"இன்டர்வியூ என்னடா ஆச்சு?"

"அதுதான்க்கா போச்சு."

தனராஜ் ரோஸிக்கு ஒரே தம்பி. எங்களோடுதான் இருக்கிறான். பெருங்களத்தூர் தாண்டி ஒரு பாக்டரியில் மெக்கானிக். அங்கே செக்கோஸ்லோவாகியாவிலிருந்து பெரிய பெரிய மிஷின்கள் வந்து இறங்கியிருக்கின்றன. அவற்றின் நெளிவு சுளிவெல்லாம் கற்றுவர ஒரே ஓர் ஆளை, ஒரு வருஷம், அந்த ஊருக்கே அனுப்பப்போகிறார்கள். போட்டிக்கு நாலு பேர். அங்கிருந்து வந்திருக்கும் இன்ஜினீயர் அவருடைய பாஷையிலேயே பேசிப் பார்த்து ஆளைப் பொறுக்குவார் என்று நோட்டீஸ் போட்டுவிட்டார்கள்.

செக் பாஷை! தாம்பரத்தில் அதை யாரிடம் போய்க் கற்பது?

நோட்டீஸ் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து கறிக்குழம்பும் முடிந்த பிறகு, எங்கள் வீட்டில் மாநாடு கூடியது. எதிர்வீட்டு ஸ்டீபன் சார் ஹைஸ்கூல் வாத்தியார். கொஞ்சம் லத்தீன் தெரிந்தவர். கேட்க வேண்டுமா? "முதல்ல இலக்கணம். அஸ்திவாரம் இல்லாம வீடு கட்டலாமா?" என்று ஒரு தடிப் புத்தகத்துக்குச் சிபாரிசு செய்தார்.

நான் நவீன மனிதன் அல்லவா... கிராமபோன் ரெக்கார்டு என்றேன். மவுண்ட் ரோடு நண்பரிடம் ஒரு செட் இருந்தது.

ரோஸி மட்டும் சாதாரணமாகக் கேட்டாள். "அந்த இன்ஜினீயரும் அவர் சம்சாரமும் குரோம்பேட்டையிலதானே குடியிருக்காங்க? நேரா போயி பேசேன்டா."

மூன்று ஆண்களும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தோம்.

"தப்புத் தப்பாப் பேசினா மானம் போயிடும்க்கா. நல்லாக் கத்துக்கிட்டு அப்புறமாப் பேசறேன்."

நம்முடைய வியாதியே இதுதான். நீந்தக் கற்றபிறகுதான் தண்ணீரில் இறங்குவோம். அதுவரை எந்தக் கரையில் இறங்கலாம் என்று ஆலோசனை நடத்திக்கொண்டிருப்போம்!

இலக்கணப் புத்தகம் அவனைத் தூங்கவைத்தது. ரெக்கார்டு ஓரளவு பரவாயில்லை. பெயர் என்ன, வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்விகளெல்லாம் காதுக்குப் பழகின. ஆனால் பாதிப் பாடம் ஹோட்டலில் ஒயின் ஆர்டர் செய்வது. எங்கள் பயலோ காப்பிக்கே அக்காவைக் கேட்கிறவன்.

கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். மிஷினோடு வந்த கைப்புத்தகம். இடது பக்கம் செக், வலது பக்கம் இங்கிலீஷ். போதாதா? எஸ்.எஸ்.எல்.சி.க்குப் படித்த அதே முறையில் இறங்கிவிட்டான். விடியற்காலையில் மொட்டைமாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி உரத்த குரலில் மனப்பாடம். எங்கள் கேம்ப் ரோடே எழுந்து உட்கார்ந்துகொண்டது.

கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலை கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்: "இன்னா சார், உன் மச்சானுக்கு ஒடம்பு சரியில்லியா? தெனிக்கும் தனியா கத்திக்கினு கீறாரு. பேஜாரா கீது சார், ஒரு டாக்டராண்ட காட்டு."

இப்படியாக முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை நெட்டுருப் போட்டுக்கொண்டுதான் செவ்வாய்க்கிழமை போனான்.

"கேள்வியெல்லாம் புரிஞ்சுது அத்தான். பதில் சொல்ல வாயைத் திறந்தா புஸ்தகம்தான் வருது" என்றான்.

இன்ஜினீயர் முதலில் இவன் பெயரைக் கேட்டிருக்கிறார். இவன் சொன்ன பதில்: "மாடல், தனராஜ். தயாரிப்பு, திருநெல்வேலி."

குடும்பத்தைப் பற்றி? "மொத்தம் மூன்று பாகங்கள். எல்லாம் நல்ல நிலையில் உள்ளன."

லீவு நாளில் என்ன செய்வாய்? "வாரம் ஒருமுறை துடைத்துச் சுத்தம் செய்து எண்ணெய் இட வேண்டும்."

அது பொய்யில்லை. சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவன்தான். ஆனால் அது அந்த மனிதருக்குத் தெரியுமா? கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். பக்கத்திலிருந்த மானேஜர் இவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாராம்.

கடைசியாக, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக ஒரு கேள்வி. "உனக்கு எங்கள் பாஷை போதாதே தம்பி. ஒரு வருஷம் எப்படிச் சமாளிப்பாய்?"

தனராஜ் தலையைக் குனிந்துகொண்டானாம். பக்கம் பக்கமாக மனசுக்குள் புரட்டியிருக்கிறான். பிறகு சொன்னானாம்: "புதிய எந்திரத்தை முதல் நாளே முழு வேகத்தில் ஓட்டக் கூடாது. மெதுவாக ஓட்டிப் பழக்கவும்."

இந்தத் தடவை இன்ஜினீயர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று கைகொடுத்து அனுப்பிவிட்டாராம்.

"அவ்வளவுதான் அத்தான். இனிமே பெருங்களத்தூரே கதி" என்றான் தனராஜ். அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. அவன் எவ்வளவு ஆசைப்பட்டான் என்று தினமும் பார்த்தவன் நான்.

வெள்ளிக்கிழமை மானேஜர் கூப்பிட்டனுப்பினார். ஆர்டர் தனராஜ் பெயரில்!

காரணத்தையும் அவரே சொன்னாராம். மற்ற மூவரும் அழகாகப் பேசினார்களாம். "ஆனால் மிஷின் புத்தகம் முழுசும் மண்டைக்குள் இருப்பது இவன் ஒருவனுக்குத்தான். பாஷையை எங்கள் கான்டீன் சொல்லிக்கொடுத்துவிடும்" என்றாராம் இன்ஜினீயர். கூடவே ஒரு நிபந்தனை. கிளம்பும்வரை ஞாயிறுதோறும் குரோம்பேட்டை வீட்டுக்கு வந்து, தப்போ சரியோ, பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

அதாவது, ரோஸி அன்றைக்கே சொன்ன வழி! நியாயமாக அவள் எங்களை உண்டு இல்லை என்று பண்ணியிருக்க வேண்டும். ஸ்டீபன் சார்கூட எதிர்வீட்டு ஜன்னலை லேசாகச் சாத்திக்கொண்டார்.

ஆனால் அவள் நேரே அடுப்படிக்குப் போனாள். நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியை எடுத்தாள். அவ்வளவு தூரம் இது தாங்குமா, அந்தக் குளிரில் இவனுக்குச் சோறு யார் போடுவார்கள் என்று முணுமுணுத்தாள். சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

தனராஜுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்றான். தோளைத் தொட்டான். செக்கில் என்னவோ சொன்னான்.

"என்னடா சொல்றே?" என்றாள் விசும்பிக்கொண்டே.

"எங்காவது ஒழுகல் தெரிந்தால் உடனே நிறுத்தவும்."

சிரித்துக்கொண்டே கரண்டியால் ஒன்று போட்டாள். ஒழுகல் மட்டும் நிற்கவில்லை... எனக்கும்தான்.