மேல் அறை அன்ரி அவித்த புத்தோ

இலங்கையில் இருந்து வந்து மனோர் பார்க்கில் நாங்கள் இருந்த வீட்டின் மேல் அறையில் ஒரு பிலிப்பைன்ஸ் அன்ரி வாடகைக்கு இருந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. அவருடைய ஷிப்ட் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பது வீட்டில் எவருக்கும் விளங்காது. படிக்கட்டில் பூமணச் சோப் வாசம் இறங்கி வந்தால் அன்ரி வீட்டில் நிற்கிறார் என்று அர்த்தம். அவருக்கும் அம்மாவுக்கும் நல்ல ஒற்றுமை. அம்மாவிடம் ஆங்கிலம் கொஞ்சம்தான், அன்ரியிடம் தமிழ் அறவே இல்லை. அதனால்தானோ என்னவோ, இருவருக்கும் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அன்ரி அரிசிமாப் பையோடும் தேங்காய்ப்பால் டின்னோடும் குசினிக்குள் வந்தார். என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "புத்தோ" என்றார். என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. முன்னறைக்கு ஓடினேன்.

"அம்மா, அன்ரி புட்டு அவிக்கப் போறா!"

உடுப்பு மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். "அவ எங்க புட்டைக் கண்டவ? நீ ஒழுங்காக் கேட்டனியே?"

"ஓம் அம்மா. அரிசிமாவும் வைச்சிருக்கிறா."

அரிசிமா என்றதும் அம்மா எழும்பி வந்துவிட்டார். எங்கள் வீட்டில் புட்டு என்பது அம்மாவின் இலாகா. அதில் அப்பாகூடக் கைவைப்பதில்லை.

அன்ரி மாவுக்குள் சீனி போட்டார், பேக்கிங் பவுடர் போட்டார், தேங்காய்ப்பாலும் தண்ணீரும் ஊற்றி ஓட ஓடக் கரைத்தார். அம்மா என் காதுக்குள் குனிந்து, "போச்சு. இனி உந்த மாவைப் புட்டாக்க ஏலாது. தோசைதான் சுடலாம்" என்றார். அன்ரியோ கப்கேக் அச்சுகளுக்கு எண்ணெய் பூசி மாவை வார்த்தார். பிறகு ஒவ்வொன்றின் மேலும் சின்னச் சின்னச் சீஸ் துண்டு வைத்தார். அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"புட்டுக்குச் சீஸா?"

எனக்கென்றால் பெரிய புதினம். வகுப்பறைச் சுவரில் இருந்த உலகப் படத்தில் இலங்கைக்கும் பிலிப்பைன்ஸுக்கும் நடுவில் எவ்வளவு கடல்! அதைத் தாண்டி ஒரு சொல் எப்படிப் போயிருக்கும்? அல்லது அங்கிருந்துதான் எங்களிடம் வந்ததா? யார் யாரிடம் களவெடுத்தது? அன்ரியிடம் கேட்டேன். தனக்குத் தெரியாது என்று சிரித்தார். பிறந்தநாள் என்றால் தங்கள் ஊரில் இது இருக்கவேண்டும், அவ்வளவுதான் தெரியும் என்றார். இன்று அவருடைய மகளுக்குப் பிறந்தநாளாம். என்னுடைய வயதுதானாம். அங்கே அன்ரியின் அக்கா வீட்டில் வளர்கிறாளாம். எங்களுக்கு மத்தியானம் ஆகும்போது அங்கே இரவாகிவிடும். அவள் படுக்கப் போகுமுன் போனில் கூப்பிட்டுக் காட்டவேண்டும் என்றார்.

இதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா அதன் பிறகு சீஸைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

முதல் தட்டு பிழையாய்ப் போயிற்று. அன்ரி சாதாரணச் சட்டி ஒன்றில் தண்ணீர் வடிக்கும் வடியைக் கவிழ்த்து, அதன்மேல் அச்சுகளை வைத்துக் கண்ணாடி மூடியால் மூடியிருந்தார். திறந்து பார்த்தால் ஒவ்வொரு புத்தோவின் நடுவிலும் ஒரு குட்டிக் குளம். உருகிய சீஸ் அதில் மிதந்தது. அன்ரி மணிக்கூட்டைப் பார்த்தார். கோப்பையில் மிஞ்சியிருந்த மாவைப் பார்த்தார். இன்னும் ஒரு தரத்துக்குத்தான் காணும். கதிரையில் இருந்துவிட்டார்.

அம்மா அலுமாரியின் மேல்தட்டில் இருந்து இட்டலிச் சட்டியை இறக்கினார். "பிள்ளை, அவவுக்குச் சொல்லு. மூடியில இருந்து தண்ணி சொட்டினா மா எப்பிடி எழும்பும்? துணி கட்ட வேணும்."

சொன்னேன். அன்ரி தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். தன் அக்காவும் துணி கட்டித்தான் அவிப்பாராம். இந்த ஊருக்கு வந்தபிறகு ஒருமுறையும் அவிக்காததில் மறந்தே போயிற்றாம்.

பிறகு இரண்டு பேரும் வேலையில் இறங்கினார்கள். அம்மா வெள்ளைத் துணியை மூடியில் சுற்றி முடிந்தார். அன்ரி அச்சுகளை அடுக்கினார். சீஸை இந்தமுறை அவிந்தபிறகு வைப்பதென்று தள்ளி வைத்தார். மூன்று பேரும் அடுப்படியில் கோயிலில் திரை விலகக் காத்திருப்பதுபோல நின்றோம். மூடியைத் திறந்தபோது ஆவி முகத்தில் அடித்தது. உள்ளே புத்தோ எல்லாம் உப்பி, வெள்ளைவெளேரென்று தலை தூக்கியிருந்தன. அன்ரி சூட்டோடு சீஸை வைத்தார். அம்மா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு மென்று பார்த்தார்.

"புட்டு இல்லை. ஆனா பிழையில்லை."

அன்ரி போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்தார். திரையில் தலை வாரிப் பவுடர் பூசிய ஒரு பிள்ளை வந்தாள். முன்பல் ஒன்று இல்லை. அவளுக்குப் பின்னால் ஒரு கூட்டமே நின்று கையசைத்தது. அன்ரி ஒரு புத்தோவில் மெழுகுதிரி குத்திக் கொளுத்தினார். பிறந்தநாள் பாட்டுப் பாடி முடிந்ததும் அந்தப் பிள்ளை கன்னத்தை உப்பி அங்கிருந்து ஊதினாள். அதே நேரம் அன்ரி, போனுக்குத் தெரியாத பக்கமாகத் தலையைச் சரித்து, மெல்ல ஊதி அணைத்தார். அங்கே எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் கண்டுவிட்டேன். "அன்ரிதான்..." என்று தொடங்கினேன். மேசைக்குக் கீழே அம்மா என் தொடையில் கிள்ளினார். ஏன் கிள்ளினார் என்று எனக்கு விளங்கவில்லை. கள்ளம் செய்தது அன்ரி, கிள்ளு எனக்கு.

அன்ரி என்னைத் தன் பக்கத்துக் கதிரையில் இருத்தி, முதல் புத்தோவை என் கையில் தந்தார். அவசரப்படாமல் ஆறுதலாகச் சாப்பிடு என்றார். தேங்காய்ப்பால் இனிப்பு, அதற்குள்ளே சீஸின் உப்பு. அந்தப் பிள்ளை தன் பாஷையில் ஏதோ கேட்டாள். மெத்தென்று இருக்கிறதா என்று கேட்கிறாள் என்று அன்ரி சொன்னார். நான் வாய் நிறைய வைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

அன்ரி என் தலையைத் தடவத் தொடங்கினார். அவருடைய விரல்கள் என் தலைமயிரைக் கோதிக் கோதி, கலையாததையும் சரிசெய்தன. போனில் அந்தப் பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டாள். திரைக்குக் கிட்ட வந்து அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாவம், அவளுக்கும் ஆசையாக்கும் என்று நினைத்தேன். கடித்த பாதியைப் போனுக்கு நேரே நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. அவளுடைய கண் என் தலைக்கு மேலே, அன்ரியின் கையிலேயே நின்றது. சீஸ் தெரியவில்லைப்போலும் என்று, நான் அதை இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடித்தேன்.