லாச்சிக்குள் வைத்த கோபம்

சீனிக்குள் மண் கிடக்கிறது என்று யாராவது கடை வாசலில் நின்று சத்தம் போடத் தொடங்கினால், ஆழ்வாப்பிள்ளை மேசை இழுப்பறையான லாச்சியை இழுத்துக்கொண்டு குனிந்துவிடுவார். முக்கியமான கடதாசி ஒன்றைத் தேடுகிறவர் போலக் கை உள்ளே துழாவும். அதற்குள் ஒரு பென்சில் துண்டைத் தவிர வேறொன்றும் கிடையாது. வந்தவர் ஏசி முடித்து மூச்சு வாங்கும் நேரம் பார்த்து லாச்சியைச் சாத்திவிட்டு நிமிர்வார். முகம், கழுவிக் கவிழ்த்த கோப்பை மாதிரி, துப்புரவாக இருக்கும். “அண்ணை சொல்லுறது சரிதான். மற்றச் சாக்கிலையிருந்து நிறுத்துத் தாறன்” என்பார். சண்டைக்கு வந்தவருக்கு அதன் பிறகு வாய் வராது.

இந்த வித்தையை அவர் புங்குடுதீவில் பழகவில்லை. தெற்கே, சிங்களவரின் கடலோரப் பட்டினம் ஒன்றில், பதினாறு வயதில் மாமன் ஒருவரின் சுருட்டுக்கடையில் நின்று பழகியது. பிறகு அதே தெருவில் சொந்தக் கடை போட்டு இருபத்தைந்து வருடம் அதையே செய்தார். “மற்றவன்ரை ஊரிலை கடையைத் திறந்து வைச்சுக்கொண்டு கோவப்பட ஏலாது” என்பது அவர் கணக்கு. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. அகதிக் கப்பலில் வந்து இறங்கி, உடுத்த உடுப்போடு வீட்டுப் படலையைத் திறந்தார். மனைவி சத்தியபாமா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவர் தேத்தண்ணி இருக்கோ என்று கேட்டார். கல்லுப் போன்ற மனிதன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்க அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது.

வீட்டில் ஐந்து வயதில் ஒரு மகள் இருந்தாள், நாகபூசணி. அவளுக்கு இவர் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் பிஸ்கட் பேணியோடு வந்து போகும் ஒரு மனிதர். இந்த முறை வந்தவர் போகவில்லை. தாயின் பக்கத்தில் தான் படுக்கும் இடம் பறிபோனதும் பிள்ளைக்கு வெறி பிடித்தது. குசினியில் விழுந்து காலை உதறினாள். அவருடைய செருப்புகளைக் கிணற்றுக்குள் போட்டாள். சத்தியபாமா கெஞ்சினாள், பூவரசங் கம்பை முறித்தாள், ஒன்றும் சரிவரவில்லை. ஆழ்வாப்பிள்ளை கம்பை வாங்கி வேலிக்கு அப்பால் எறிந்தார். “அடிச்சு ஒருத்தர் திருந்தி நான் காணேல்லை” என்றார். அதற்காக அவரை மெச்சத்தான் வேண்டும். அவர் காலத்துத் தகப்பன்மாரில் எத்தனை பேர் அப்படிச் சொல்லியிருப்பார்கள்?

ஆனால் அடிக்குப் பதிலாகக் கொடுக்க அவரிடம் இருந்தது ஒரே ஒரு சரக்குத்தான். ஊரில் சின்னதாகக் கடை போட்டதும் பிள்ளையை மேசைக்குப் பின்னால் கூட்டிப்போய் நிறுத்தினார்.

“கோவம் வந்தால் லாச்சியைத் திற. கோவத்தை உள்ளை போடு. சாத்து. முகத்தைத் துடைச்சுக்கொண்டு நிமிர்.”

“அழுகை வந்தால்?”

“அதையும் போடு. எல்லாத்துக்கும் இடமிருக்கு.”

அவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு தோடம்பழ இனிப்பு. இரண்டு வருடத்தில் நாகபூசணி தகப்பனை மிஞ்சிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் தன் கொப்பியைக் கிழித்தவளைப் பார்த்தும் சிரித்தாள். கடைக்கு வருகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்து, “இந்தப் பிள்ளையைப் பாருங்கோ, பார்த்துப் பழகுங்கோ” என்றார்கள். ஆழ்வாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்தது. எரிந்துபோன கடைக்குப் பதிலாகக் கடவுள் இதைத் தந்திருக்கிறார் என்றுகூட நினைத்தார்.

சத்தியபாமாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. “இஞ்சேருங்கோ, பிள்ளை என்னோடையும் கடைக்கு வாற ஆக்களோடை கதைக்கிற மாதிரித்தான் கதைக்கிறாள்” என்றாள் ஒருநாள்.

“மரியாதையாய்க் கதைக்கிறாள். அதிலை என்ன பிழை?”

அவள் சுளகை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

போன மாசியில் ஒரு சனிக்கிழமை. கடை நிறைய ஆட்கள். நாகபூசணி பின்பக்கத்தால் வந்து மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, “அப்பா” என்றாள். உதடு நடுங்கியது. ஆழ்வாப்பிள்ளை அதைக் கண்டார். கண்டதை அவர் இன்றைக்கும் மறைப்பதில்லை. கையில் தராசு இருந்தது, முன்னால் ஆட்கள் நின்றார்கள். தலையை அசைத்து நாடியால் லாச்சியைக் காட்டினார். பிள்ளை குனிந்தாள், இழுத்தாள், சாத்தினாள், சிரித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவர் போத்தலைத் திறந்து ஓர் இனிப்பை நீட்டிவிட்டு வாடிக்கையாளர்களைப் பார்த்து, “என்ரை பிள்ளை ஒருநாளும் முகம் சுழிக்காது” என்றார். அவள் ஒற்றைக் காலில் நின்றிருந்தாள். அதை அவர் காணவில்லை.

பழைய வேலிப் பலகையில் இருந்த கறள் பிடித்த ஆணி அவள் குதிக்காலில் ஏறியிருந்தது. நாலாம் நாள் காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டபோதுதான் சத்தியபாமா காலைத் தூக்கிப் பார்த்தாள். கால் கணுக்கால் வரை வீங்கி மினுங்கியது. ஆழ்வாப்பிள்ளை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்து ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வழி முழுவதும் அவள், “எனக்கு ஒண்டுமில்லை அப்பா, சும்மா காய்ச்சல்” என்று அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் காயத்தை வெட்டிச் சீழ் எடுத்தார்கள். கிறேஸ் என்ற தாதி பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நோகுதெண்டால் கத்து பிள்ளை. இஞ்சை ஒருதரும் ஏச மாட்டினம்.”

நாகபூசணி முதலில் தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “நோகேல்லை மிஸ்ஸி” என்று சிரித்தாள். அவளுடைய வலது கை கட்டில் விளிம்பில் இல்லாத ஒன்றைப் பிடித்து இழுத்து, திரும்பச் சாத்திக்கொண்டிருந்தது.

தாதி அந்தக் கையைப் பார்த்தாள். “ஐயா, பெரிய ஆம்பிளையள் கத்திக் குளறுற இடம் இது. இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் காலை எடுக்க வேண்டி வந்திருக்கும். ஏன் இந்தப் பிள்ளை வாய் திறக்கேல்லை?”

இருபத்தைந்து வருடம் எவர் கேள்விக்கும் பதில் வைத்திருந்த வியாபாரி, அன்று குனிந்து தன் வேட்டிக் கரையைப் பார்த்தார். பெருமை என்று சுமந்து திரிந்ததெல்லாம் வெட்கமாக மாறி முதுகில் ஏறியது. பிள்ளையின் கோபத்தை அடக்கியதாக நினைத்தார். உண்மையில் அவள் தன்னிடம் வரும் வழியைத்தான் அவர் அடைத்திருந்தார்.

காயம் ஆறியது. பிள்ளை ஆறவில்லை. “கோவமோ பிள்ளை?” என்று நாளுக்கு மூன்று தரம் கேட்டுப் பார்த்தார். “எனக்கு என்ன கோவம் அப்பா” என்று அவருடைய குரலிலேயே பதில் வந்தது. அழச் சொன்னார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை. அது அவருடைய சிரிப்பு.

சத்தியபாமா மா அரித்துக்கொண்டே சொன்னாள். “சொல்லி வராது. நீங்கள் ஒருநாளாவது அழுது அவள் கண்டிருக்கிறாளோ?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த மகளுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். தொடங்கத் தெரியவில்லை. இரண்டு வாளி தண்ணீர் அள்ளி ஊற்றினார்.

“கடை எரியேக்கை நான் எதிர்வீட்டுக் கட்டிலுக்குக் கீழை கிடந்தனான். பயத்திலை காற்சட்டையோடை மூத்திரம் போயிட்டுது. ஒருதருக்கும் சொல்லேல்லை. கொம்மாவுக்கும் சொல்லேல்லை.”

பிள்ளை சவர்க்காரத்தை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

“அண்டைக்கு நீ கடைக்கு வந்தனி. உன்ரை உதடு நடுங்கினதை நான் கண்டனான். கண்டும் விட்டிட்டன். அது என்ரை பிழை, உன்ரை பிழை இல்லை.” கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. நாகபூசணி மறுபடி உடுப்பைக் கும்மத் தொடங்கினாள். அன்று அவள் சிரிக்கவில்லை. அந்த அளவே அவருக்கு மிச்சம்.

ஆனியில் நயினாதீவுத் திருவிழா. தீவுக்குப் போகும் காலைப் படகில், லோஞ்சில், சிநேகிதிகளோடு போகவேண்டும் என்று நாகபூசணி ஒரு வாரமாகச் சொல்லி வைத்திருந்தாள். குறிகட்டுவான் துறையில் பஸ்ஸால் இறங்கியதும் தெற்கில் பக்கத்துக் கடை வைத்திருந்த தம்பு எதிர்ப்பட்டார். பழைய தெரு, பழைய ஆட்கள் என்று கதை நீண்டது. பிள்ளை இரண்டு தரம் கூப்பிட்டாள். ஆழ்வாப்பிள்ளை அவள் தலையைத் தடவிவிட்டுத் தொடர்ந்து கதைத்தார். திரும்பியபோது லோஞ்ச் கரையை விட்டிருந்தது. சிநேகிதிகள் அதிலிருந்து கை காட்டினார்கள்.

நாகபூசணியின் முகம் முதலில் சிரிக்கப் பார்த்தது. பிறகு கோணியது. பையைத் தூக்கித் தரையில் அடித்தாள். அருச்சனைச் சாமான் உருண்டது.

“நான் கூப்பிட்டனான்” என்றாள். பிறகு துறை முழுவதும் கேட்கக் கத்தினாள். “கூப்பிட்டனான், நீங்கள் கேக்கேல்லை. அண்டைக்கும் கூப்பிட்டனான். எனக்குக் கால் நொந்தது. சரியாய் நொந்தது.”

அவள் வெயிலில் நிலத்தில் குந்தியிருந்து இரண்டு கையாலும் அவர் முழங்காலில் குத்தினாள். திருவிழாச் சனம் முழுவதும் நின்று பார்த்தது. அதில் பாதிப் பேர் அவர் கடைக்கு வருகிறவர்கள். ஆழ்வாப்பிள்ளைக்குக் காது நுனி வரை கூசியது.

“என்ன ஆழ்வாப்பிள்ளை, சனம் பாக்குது. பிள்ளையை அடக்கும்” என்றார் தம்பு.

ஆழ்வாப்பிள்ளை கக்கத்தில் இருந்த குடையை எடுத்து விரித்தார். தான் வெயிலில் நின்றுகொண்டு, அவள் அழுது முடியும்வரை அதை அவள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.