மலை என்று யாரைச் சொன்னாள்

நாட்டின் தலைவர் இறந்துவிட்டதாக ரேடியோ சொன்ன மறுநாள் காலை, கூட்டுப்பண்ணைத் தலைவன் ரிஸ்கெல்தி எங்கள் மேய்ச்சலுக்கே வந்துவிட்டான். குதிரைப்பால் கறந்துகொண்டிருந்த சூராவிடம் ஒரு தாளை நீட்டினான். நாரின் மலைப்பக்கத்தில் அவளைப்போல ஒப்பாரி வைக்க ஆள் கிடையாது.

"நாளைக்கு மைதானத்துல நீதான் பாடணும்க்கா. வார்த்தையெல்லாம் மேலேர்ந்தே வந்திருக்கு."

சூரா எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'எங்கள் மலையே, சாய்ந்தாயே.' முகம் சிவந்துபோனது.

"மலையா? இந்த ஆளா?"

குடும்பத்தைத் தாங்கியவனைத்தான் நாங்கள் ஒப்பாரியில் மலை என்போம். சூராவின் புருஷன் ஓஸ்மோனலி கொல்லன். பண்ணைக் குதிரைகளை இறைச்சிக்கு அனுப்பக் கூடாது என்று கூட்டத்தில் எழுந்து பேசியதற்காக அவனை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். இரண்டு வருஷம் கழித்து, செத்துப்போனான் என்று ஒற்றை வரிக் கடிதம். எங்கள் வழக்கப்படி சூரா சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரிக்கு வாயைத் திறந்ததுமே இதே ரிஸ்கெல்தி ஓடிவந்தான். மக்கள் விரோதிக்கு ஒப்பாரி கிடையாது என்றான்.

"அன்னைக்கு என் வாயைப் பொத்துனது யாருடா?" பால்வாளியை அவன் காலடியில் கவிழ்த்தாள்.

"நான் என்னக்கா பண்ணுவேன்? நீ பாடலேன்னா என்னையும் ஜீப்புல ஏத்திடுவாங்க."

"ஏறேன். எடமா இல்ல?"

ஆனாலும் மறுநாள் வந்தாள். கறுப்புத்துணி சுற்றிய தலைவர் படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, "என் மலையே" என்று எடுத்தாள். எங்கள் மொழி தெரியாத மாவட்ட அதிகாரி திருப்தியாகத் தலையாட்டினார்.

"உலைத்தீயில் இடப்புருவம் கருகிய மலையே! குதிரைக்காக வாய் திறந்த மலையே! எந்தக் குழியில் போட்டார்கள் உன்னை?"

ஓஸ்மோனலியின் புருவம் ஊருக்கே தெரியும். என் அம்மாதான் முதலில் விம்மினாள். அவள் அண்ணனும் ஜீப்பில் போனவன். அப்புறம் ஒவ்வொருத்தியும் தன் மலையைக் கூப்பிட்டு அலற ஆரம்பித்தாள். "தலைவர் மேல எவ்வளவு பாசம்!" என்று அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரிஸ்கெல்தி வெளிறிப்போய் நின்றான்.

ஒரு வாரத்துக்குள் யாரோ அதிகாரிக்கு அர்த்தம் சொல்லிவிட்டார்கள். இனி பாட மாட்டேன் என்று சூராவை எழுதித் தரச் சொன்னார்கள்.

"இனிமே என்னைப் பாடச் சொல்ல மாட்டோம்னு முதல்ல நீங்க எழுதிக் குடுங்கய்யா" என்றாள் சூரா.

மூன்று குளிர்காலம் அவளைத் தனியாக உச்சிமேய்ச்சலில் ஆடு பார்க்க வைத்தார்கள். ஊர் திரும்பிய பிறகும் ரிஸ்கெல்தியின் சலாமுக்கு அவள் ஒருநாளும் பதில் சொல்லவில்லை.