பேபி என்ற பெயரில் இரண்டு குழந்தைகள்

போன வியாழக்கிழமை தல்லாகுளத்தில் ஒரு டீக்கடை. என் பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் நின்றிருந்தார்கள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. பேச்சைக் கேட்டதுமே சாஃப்ட்வேர் பிள்ளைகள் என்று தெரிந்துவிட்டது. நானும் அதே தொழில்காரன்தானே... காது தானாக அந்தப் பக்கம் போனது.

ஒருவனுக்கு இடது கையைத் தூக்க முடியவில்லை. கம்பெனியில் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாமாம். போட்டதிலிருந்து தோள்பட்டை வீங்கி, உடம்பெல்லாம் வலியாம். இன்னொருவனுக்கு வேறு துக்கம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பில்லிங் ப்ரோக்ராமுக்கு அப்டேட் போட்டிருக்கிறான். அது மொத்தமாகப் படுத்துவிட்டது. ஊசியும் அப்டேட்டும் ஒன்றுதான், நல்லா இருக்கிறவனைப் பிடித்துப் படுக்க வைக்கிற வேலை என்று கைவலிக்காரன் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நான் டீ கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டேன்.

இதே பேச்சை, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் பேசியிருக்கிறேன். இதே தல்லாகுளத்தில்தான். வாராவாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் யாரையாவது கேலி செய்து பிழைக்கிறவன் நான். இந்த வாரம் கேலி வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கம்பெனி நடத்தினோம். கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மாடியில் ஒரே அறை, மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஃபேன். நான், சாந்தாராம், பாலா. சாந்தாராம் சௌராஷ்டிரக்காரன். வீட்டிலிருந்து போன் வந்தால் எங்களுக்குப் புரியாத பாஷைக்கு மாறிவிடுவான். திட்டு வாங்குகிறான் என்பது மட்டும் முகத்தில் தெரியும். பாலா எல்லோரையும் மாப்ள என்பான், கஸ்டமர் உட்பட. வெள்ளிக்கிழமைதோறும் மானிட்டர் மேல் எலுமிச்சம்பழம் வைப்பது அவன் இலாகா. புது வெர்ஷன் போடப் போகிற அன்றைக்கு ராகு காலம் பார்ப்பதும் அவன்தான்.

எங்கள் பெரிய கஸ்டமர் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி. அங்கே குழந்தைகளின் தடுப்பூசிப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்திருந்தோம். எந்தக் குழந்தைக்கு எப்போது அடுத்த ஊசி என்று அது கணக்கு வைத்துக்கொள்ளும். நாள் தப்பினால், அந்த வீட்டு விலாசத்தை ஒரு தபால் கார்டில் அச்சடித்துக் கொடுக்கும். "தங்கள் குழந்தைக்கு அடுத்த ஊசி போட வேண்டிய நாள் கடந்துவிட்டது. உடனே அழைத்து வரவும்." இந்த வாசகம் என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

எங்கள் அறைக்குக் கீழே ஒரு எஸ்.டி.டி. பூத். கூடவே ஜெராக்ஸ் மெஷினும். அதில் உட்கார்ந்திருந்தவள் தனலட்சுமி. அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பெண். வீட்டுக்காரர் லாரி டிரைவர், வாரத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். உத்திரக் கொக்கியில் சேலைத் தொட்டில் கட்டி, இரண்டு மாதப் பெண் குழந்தையை அதில் போட்டுவிட்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருப்பாள். குழந்தைக்குப் பெயர் இல்லை. குலசாமி கோயிலில் முதல் மொட்டை போட்டு, கிடா வெட்டி, அதற்குப் பிறகுதான் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். அதுவரை பாப்பா.

கக்குவான் இருமலையும் தடுக்கிற முத்தடுப்பு ஊசியின் மூன்று தவணையில் முதலாவதைப் பாப்பாவுக்கு அந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரியில்தான் போட்டார்கள். கூட்டிப் போகச் சொன்னவனே நான்தான். ஊசி போட்ட தொடை வீங்கி, காய்ச்சல் அடித்து, ஒன்றரை நாள் அழுதிருக்கிறது. தனம் பயந்துபோனாள். காய்ச்சல் வரும், போய்விடும் என்று சிஸ்டர் முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனாலும் தாய்க்காரிக்குக் கேட்குமா?

அந்தச் சமயத்தில்தான் நாங்கள் ஒரு அப்டேட் போட்டோம். சில குழந்தைகளை இரண்டு தடவை பதிந்துவிடுகிறார்கள், ஒரே வீட்டுக்கு இரண்டு கார்டு போகிறது, பெற்றோர் வந்து சத்தம் போடுகிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் புகார். நான் யோசித்தேன். ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி என்றால் ஒரே ஆள். இரண்டு பதிவையும் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டியதுதான். அம்மா பெயரையும் ஒத்துப் பார்க்கலாமே என்றான் சாந்தாராம். ஒரு தடவை அடித்த மாதிரி மறு தடவை அடிக்க மாட்டார்கள், வேண்டாம் என்றேன். எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகள் பெயரையெல்லாம் போட்டு டெஸ்ட் செய்தோம். அழகாக வேலை செய்தது.

அப்டேட் போட்ட மறுநாளே பிரிண்டர் மக்கர். விலாசம் கார்டுக்கு வெளியே ஓடியது. நான்கு நாள் நாயாய் அலைந்தோம். ஐந்தாம் நாள் தனத்தின் பூத் வாசலில் நாங்கள் நின்று டீ குடிக்கும்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. சாந்தாராம் ஏதோ ஊசி போட்டுக்கொண்டு கை வீங்கிப்போய் இருந்தான். அவன் கை வீங்கியதையும் எங்கள் ப்ரோக்ராம் வீங்கியதையும் ஒப்பிட்டு ஒரே கும்மாளம். அதில் பெரிய கோமாளி நான்.

உள்ளே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த தனம், திரும்பாமலே கேட்டாள்.

"அப்ப பாப்பாவுக்கு ரெண்டாவது ஊசி வேணாங்கிறீங்களாண்ணே?"

"மொதல் வெர்ஷன் நல்லா ஓடுதுல்ல தனம்? ஓடுற சிஸ்டத்துல கை வைக்கக் கூடாது."

பாலா சிரித்தான். நானும் சிரித்தேன். அவள் முதுகு காட்டி நின்றாள். மெஷின் சத்தத்தில் எங்கள் சிரிப்பு அவளுக்குக் கேட்டதா இல்லையா... தெரியாது. கம்ப்யூட்டர்காரர்கள் எது சொன்னாலும் சரியாக இருக்கும் என்று நம்புகிற பெண் அவள். கரண்ட் பில்லில் சந்தேகம் வந்தாலும் மாடிக்குத்தான் வருவாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தப் பதிலைச் சொல்லிவிட்டு, கிளாஸை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியது. பாப்பா இருமிக்கொண்டே இருக்கிறது என்று தனம் சொன்னாள். சளி என்றோம். ஒருநாள் மத்தியானம் கீழே அவள் அலறுகிற சத்தம். ஓடினோம். குழந்தை இருமுகிறது... விடாமல் இருமுகிறது. மூச்சு எடுக்க இடைவெளியே இல்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. கடைசியில் ஒரு இழுப்பு இழுத்தது பாருங்கள், அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பாலா தெருவுக்குக் குறுக்கே நின்று ஆட்டோவை மறித்தான்.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் ஊசி அட்டையை வாங்கி, எங்கள் ப்ரோக்ராமில் நம்பரைத் தட்டினார். டாக்டர் திரையைப் பார்த்து, மூன்று ஊசியும் போட்டிருக்கிறதே, அப்படியானால் கக்குவானாக இருக்க வாய்ப்பு குறைவுதான் என்று யோசித்தார்.

"இல்ல சார்... ஒண்ணுதான் போட்டோம்" என்றாள் தனம்.

நான் எட்டிப் பார்த்தேன். குழந்தையின் பெயர், பேபி. பிறந்த தேதி சரி. அம்மா பெயர் வேறு. விலாசம், வாடிப்பட்டி.

ஒரு நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. பெயர் வைக்காத குழந்தை வந்தால் அந்தக் கட்டத்தில் சிஸ்டர் 'பேபி' என்று அடிப்பார். அங்கே வருகிற கைக்குழந்தைகளில் பாதிக்குப் பெயர் இருக்காது. ஒரே நாளில் பிறந்த இரண்டு பேபிகளை என் அப்டேட் ஒரே குழந்தையாக்கிவிட்டது. வாடிப்பட்டிப் பிள்ளை மூன்று ஊசியும் போட்டுக்கொண்டது. அந்தக் கணக்கில் தனத்தின் பிள்ளை கரைந்துபோய்விட்டது. நாங்கள் டெஸ்ட் செய்த குழந்தைகள் எல்லோருக்கும் பெயர் இருந்தது, பாருங்கள்.

கக்குவான்தான். டாக்டர் ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். ஏம்மா ரெண்டாவது ஊசிக்கு வரலை என்று அவளைக் கேட்டார். தனம் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, மறந்துட்டேன் சார் என்றாள்.

என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வெட்கத்தைவிட்டு எழுதுகிறேன், பயந்துவிட்டேன்.

வராந்தாவுக்கு வந்த பிறகு அவளே பேசினாள். "நீங்க வேணாம்னீங்க. ஆனாலும் மனசு கேக்கலைண்ணே. நாள் தப்புனா வீட்டுக்குக் கார்டு வரும்னு சிஸ்டர் சொல்லியிருந்தாங்க. வந்தாப் போவோம்னு இருந்தேன். வரவே இல்லை. அப்ப நீங்க சொன்னதுதான் சரின்னு விட்டுட்டேன்."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஊசி வேண்டாம் என்றது விளையாட்டுப் பேச்சு என்று சொன்னேன். கார்டு வராததற்கும் நான்தான் காரணம் என்று சொன்னேன். பதிவு எப்படி அழிந்தது என்பதை அவளுக்குப் புரிகிற மாதிரி விளக்கினேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

"அம்புட்டுப் புள்ளைகள்ல எம் புள்ளையத்தான் அழிச்சீங்களா?"

அவ்வளவுதான் கேட்டாள். உள்ளே போய்விட்டாள். என் வாழ்க்கையில் எத்தனையோ கஸ்டமரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் எதுவும் வராது.

திரும்பிப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. அலமாரியிலிருந்து பழைய பேப்பர் ரிஜிஸ்டர்களை எடுத்து என் முன்னால் அடுக்கினார். எத்தனை பேபி காணோம் என்று தேடுங்கள், மற்றதை அப்புறம் பேசுவோம் என்றார். மூன்று பேரும் வேறு வேலை பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்தோம். வரிவரியாக ஒத்துப் பார்த்து, ஒட்டிப்போன பதிவுகளைப் பிரித்து, அந்த அப்டேட்டையும் எடுத்துவிட்டோம். கிடைத்த விலாசங்களுக்குக் கார்டு போடாமல், நேரிலேயே போனோம். பாலா வண்டியை ஓட்ட, நான் பின்னால் ரிஜிஸ்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குழந்தையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ரிஜிஸ்டரைத் திறப்பேன். வேறு எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. யார் செய்த புண்ணியமோ, எங்களுடையது இல்லை.

பாப்பா பிழைத்தது. பன்னிரண்டு நாள் வார்டு. வீட்டுக்கு வந்த பிறகும் வாரக்கணக்கில் இருமல். தனம் எங்களோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். டீ குடிக்க நாங்கள் வேறு இடத்துக்குப் போனோம். ஒரு காலையில் அவளே மாடியேறி வந்தாள். நாளைக்கு ரெண்டாவது ஊசி, நீங்களும் வாங்க என்றாள். போனேன். குழந்தையின் காலை என்னைத்தான் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அன்று சாயங்காலம் காய்ச்சல் வந்தது. மறுநாள் பூராவும் நான் நாலைந்து தடவை கீழே இறங்கிப் போய்த் தொட்டிலை எட்டிப் பார்த்தேன். அடுத்த நாள் காய்ச்சல் போய்விட்டது.

ஊசி போட்டு வந்த காய்ச்சல் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அதைப் பேசலாம், சிரிக்கலாம். போட்டதால் வராமல் போன நோய் யார் கண்ணுக்குத் தெரிகிறது? அதைப் பற்றி எந்த டீக்கடையில் யார் பேசுவார்கள்? ப்ரோக்ராம் படுத்தால் பழைய ஃப்ளாப்பியைப் போட்டு முந்தின நாளுக்குத் திரும்பிவிடலாம். எங்கள் தொழில் எங்களைக் கெடுத்துவைத்திருப்பது அங்கேதான். எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே பேசுகிறோம்.

போன வியாழக்கிழமை அந்தப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அதனால் இங்கே.

குலசாமி கோயிலில் மொட்டை போட்டுவிட்டுத் திரும்பிய மறுநாள், தனம் மறுபடி மாடியேறி வந்தாள். கையில் ஒரு ஜெராக்ஸ் பேப்பர்த் துண்டு. அதில் பெரிய எழுத்தில் ஒரே வார்த்தை: பேச்சியம்மாள்.

"பேரு வச்சாச்சுண்ணே. கம்ப்யூட்டர்ல மாத்திருங்க. இனிமே எம் புள்ளை யார்கூடவும் சேந்துக்கிறாதுல்ல?"

சேராது என்றேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், 'பேபி'யை அழித்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தேன்.

சேவ் பட்டனை இரண்டு தடவை அழுத்தினேன்.